அசல்லயே அப்படித்தான் இருக்கு

தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த போன் சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கிறீங்களா? பாருங்க, வேணாங்கல. பட்டுக்கோட்டையில ஏறுனதுலேர்ந்து அந்த ஒரே படத் துண்ட அஞ்சாறு தரம் போட்டுட்டீங்க. 'பாய், ஊர் எது பாய்?' நீங்களும் சிரிக்கிறீங்க, முன் சீட்டுக்காரரும் திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறாரு. சிரிக்க வேண்டிய வசனம்தான். அத எழுதுனது யாருன்னு தெரியுமா?

நான்தான்.

இல்ல இல்ல, போட்டோல்லாம் வேணாம். ஒக்காருங்க. வண்டி ஆடுது, விழுந்துரப் போறீங்க. என் பேரு சம்பந்தம். படம் முடிஞ்சு பேரு ஓடும்போது 'தமிழ் வசனம்'னு ஒரு வரி வரும். அதுக்குள்ள நீங்கள்லாம் வண்டி எடுக்கப் போயிருப்பீங்க. ஹிந்திப் படத்தத் தமிழ்ல பேச வைக்கிறதுதான் நமக்குத் தொழில். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. எங்கப்பா இருக்காரே, அவரு மாயவரம் ஸ்டேஷன்ல தார் டின்னோட ஏறி, போர்டுல இருந்த ஹிந்தி எழுத்த அழிச்ச ஆளு. அவருக்குத் தெரியாம நான் ஹிந்தி படிச்சேன். அவரு அழிச்ச எழுத்துலதான் நான் சோறு தின்னேன். அது வேற கதை.

உங்ககிட்ட சொல்லலாமா கூடாதான்னு தெரியல. ஆனா யார்கிட்டயாவது சொல்லணும். ரெண்டு மணிக்குப் பஸ் ஏறுனதுலேர்ந்து இதே நெனப்புதான். வீட்டுக்காரிகிட்ட சொன்னா, 'உங்களுக்கு இதே வேலையாப் போச்சு'ன்னு டிவியப் போட்டுருவா. நீங்க கிளாம்பாக்கம்தானே? அப்ப நேரம் இருக்கு.

எங்க தொழில்ல ஒரே ஒரு சாமிதான் தம்பி. உதடு. அவன் ஹிந்தியில எங்க உதட்ட மூடுறானோ, நாம தமிழ்ல அங்க ஒரு ப, இல்லாட்டி ஒரு ம கொண்டாந்து வைக்கணும். வாயத் திறந்து வச்சிருக்கறப்ப 'அம்மா'ன்னு எழுதுனா, படம் பாக்கறவன் கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். அதனால அர்த்தம் அப்புறம்தான். உதடு முன்னாடி. இத நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். எவன் வந்து ஏன்யா இப்படி எழுதுனேன்னு கேட்டாலும், உதடு ஒட்டணும்ல, அப்படின்னுருவேன். வாயடைச்சுப் போயிருவான்.

நெய்னான்னு ஒருத்தன் இருக்கான். நெய்னா முகம்மது. ராயப்பேட்டையில பொறந்து வளந்தவன். அவங்கப்பா, தாத்தா எல்லாருமே அங்கதான். குரல் குடுக்கிறவன். நான் முதல் படத்துக்கு வசனம் எழுதுறப்ப அவனும் அதே படத்துலதான் முதல்ல மைக் முன்னாடி நின்னான். 'வாடா போடா' சிநேகிதம். அவன்தான் எனக்கு உதட்டு வித்தையக் கத்துக் குடுத்ததே, நெசத்தச் சொன்னா. சம்பந்தம்னு பேர வச்சுக்கிட்டு எதுக்கெடுத்தாலும் எனக்கு சம்பந்தம் இல்லங்கிறியேடான்னு கிண்டல் பண்ணுவான். நான் அவன பாய்னுதான் கூப்பிடுவேன். ஆசையாத்தான். நீங்க உங்க தெருக் கடைக்காரர எப்படிக் கூப்பிடுவீங்க, அந்த மாதிரி.

அந்தக் காலத்து ஹிந்திப் படத்துல ஒரு பாய் இருப்பாரு தம்பி. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பட்டாளத்துப் படம்னா கட்டாயம் இருப்பாரு. ஹீரோவுக்கு உயிர் நண்பன். தமாஷ் பண்ணுவாரு, கஜல் பாடுவாரு, வீட்லேர்ந்து அம்மா எழுதுன கடுதாசியப் படிச்சுக் காட்டுவாரு. அப்புறம் ஹீரோவுக்கு வர்ற குண்ட இவரு நெஞ்சுல வாங்கிக்கிட்டு, கொடியப் பிடிச்சுக்கிட்டு, ஹீரோ மடியில சாவாரு. கரெக்டா இடைவேளைக்கு முன்னாடி. அதெல்லாம் நெய்னாதான் பேசுவான். டப்பிங் தியேட்டருக்குள்ள வந்ததும் கேப்பான், 'சம்பந்தம், இன்னைக்கு எத்தன மணிக்குடா சாகணும்?' நாங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்போம். செத்தாதான் நல்ல பாய்டா, அப்படிம்பான். அவனும் சிரிப்பான். நெசமாவே சிரிச்சானான்னு இப்பத்தான் யோசிக்கிறேன்.

அப்புறம் கொஞ்ச வருஷம் கழிச்சு வேற மாதிரி வந்துச்சு. பாய் மேல ஒரு சந்தேகம் வரும். இவரு நம்மாளா, அந்தப் பக்கத்து ஆளான்னு. கடைசில தன் சொந்தத் தம்பியையே சுட்டுட்டு, 'இப்பவாவது நம்புறீங்களா'ன்னு அழுவாரு. அதுவும் நெய்னாதான். அழுகை அவனுக்கு நல்லா வரும். அதுக்கும் அப்புறம் சந்தேகமே இல்ல. மொத சீன்லயே கருப்புத் துணி, துப்பாக்கி, கெட்டவன். 'முன்னெல்லாம் இடைவேளையில செத்தேன், இப்ப க்ளைமாக்ஸ்ல சாகுறேன். ப்ரமோஷன்டா'ன்னான் நெய்னா. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? பம்பாய்ல எடுக்கிறான். நாடு மாறுது, படம் மாறுது. நான் பேப்பரும் பேனாவுமா ஓரமா ஒக்காந்திருக்கிற ஆளு.

இல்ல, ஒண்ணு சொல்லணும். மறைக்கக் கூடாது. ஹிந்தில 'ஹமாரா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. நம்மளோடதுன்னாலும் அதான், எங்களோடதுன்னாலும் அதான். அவனுக்கு ஒரே வார்த்தை. நமக்குத்தான் ரெண்டு. நம்ம நாடுன்னா எதிர்ல நிக்கிறவனும் உள்ள. எங்க நாடுன்னா அவன் வெளிய. எதப் போடறதுன்னு தமிழ்ல எழுதறவன்தான் முடிவு பண்ணணும். ரொம்ப வருஷம் 'நம்ம நாடு'ன்னுதான் எழுதினேன். ஒரு படத்துல ஹீரோ ஒரு கூட்டத்தப் பாத்து முறைச்சுக்கிட்டு சொல்றாரு. அங்க 'எங்க நாடு'ன்னு எழுதிட்டேன். நெய்னா மைக் முன்னாடி நின்னவன் சட்டுனு திரும்பினான். 'சம்பந்தம், ஹமாரால ம இருக்கு, உதடு ஒட்டுதேடா. நம்மன்னாதானே பொருந்தும்?' 'நம்மன்னா கெத்து வராதுடா'ன்னேன். அவ்வளவுதான் பேச்சு. அதுலேர்ந்து எல்லாப் படத்துலயும் 'எங்க'தான். எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. யாரும் எழுதச் சொல்லல. அது பழகிப் போச்சு.

சரி, இந்தப் படத்துக்கு வர்றேன். உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். இருந்தாலும் சொல்றேன். எல்லைப் பக்கம் ஒரு செக்போஸ்ட். பனி பெய்யுது. ஜனங்க வரிசையா நிக்கிறாங்க. அதுல ஒரு கெழவரு, கம்பளி போத்திக்கிட்டு. மேஜரா வர்ற ஹீரோ கிட்டக்க வந்து லேசாச் சிரிச்சுக்கிட்டே, 'பாய், ஊர் எது பாய்?'ங்கிறாரு. 'இந்த ஊர்தான் தம்பி'ங்கிறாரு கெழவரு. ஹீரோ கம்பளிய உருவுறாரு. உள்ள வயித்தச் சுத்திக் குண்டு. தியேட்டர் இடிஞ்சு விழுந்துச்சு, அந்த மாதிரி கைதட்டல்.

அந்தக் கெழவருக்குக் குரல் நெய்னா.

அன்னைக்கு நடந்தத அப்படியே சொல்றேன். டப்பிங்குக்குப் பொறுப்பா இருந்தவரு தீனதயாளன்னு ஒருத்தரு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அவரும். அந்தப் பக்கம் நெய்னா. ஹீரோ குரல ஏற்கெனவே பதிஞ்சாச்சு. நெய்னா காதுல அது ஓடுது, 'பாய், ஊர் எது பாய்?' இவன் பதில் சொல்லணும். நாலு வார்த்தை கூட இல்ல. 'இந்த ஊர்தான் தம்பி'ன்னான். தீனதயாளன் உதட்டப் பிதுக்கினாரு. 'பாய், நீங்க நெசமா சொல்ற மாதிரி இருக்கு. அவன் பொய் சொல்றான். பொய்யாத் தெரியணும்'னாரு. இன்னொரு தரம் சொன்னான். அதுவும் நெசமாத்தான் இருந்துச்சு. இன்னொரு தரம். தம்பி, முப்பது வருஷமா மொத டேக்ல முடிக்கிறவன் அவன். செத்தாலும் ஒரே டேக்ல சாவான். அன்னைக்குப் பதினாலு டேக் போச்சு. 'இந்த ஊர்தான் தம்பி.' எப்படிச் சொன்னாலும் அது பொய்யா வரல. வேர்த்து ஊத்துது. தண்ணி குடிக்கிறான். திருப்பிச் சொல்றான்.

நான் உள்ள போனேன். தோள்ல கையப் போட்டேன். சிநேகிதன் கஷ்டப்படறானேன்னு போனேன், வேற நெனப்பு இல்ல. 'பாய், ஒண்ணு பண்ணு. இது உன் ஊரு இல்லன்னு மனசுக்குள்ள நெனச்சுக்க. நெனச்சுக்கிட்டே சொல்லு, தானா வரும்'னேன். என்னை ஒரு பார்வை பாத்தான். நான் வெளிய வந்து கதவச் சாத்துனேன். பதினஞ்சாவது டேக்ல வந்துருச்சு. தீனதயாளன் எழுந்து கை தட்டினாரு. நானும் தட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் காதுலேர்ந்து ஹெட்போனக் கழட்டிக்கிட்டு சும்மா நின்னான்.

படம் ஓடுன ஓட்டம் உங்களுக்கே தெரியும். அந்த ஒரு வசனம் படத்தவிடப் பெருசா ஓடுச்சு. ரிங்டோன் வச்சாங்க. கல்யாண வீட்டு பேனர்ல போட்டாங்க. எங்க தெருப் பசங்க கிரிக்கெட்ல வெளி டீம் ஆளு வந்தா அதச் சொல்லிக் கத்துவாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஏன் பொய் சொல்லணும்? ஆட்டோக்காரர்கிட்ட கூட, 'நான் எழுதுனது'ன்னு சொல்லியிருக்கேன். முப்பது வருஷமா எழுதி ஒரு வரி கூட யாரு வாயிலயும் நின்னதில்ல. இது நின்னுச்சு.

நெய்னா மட்டும் அதப் பத்திப் பேசல. அப்பப் பாத்து அவன் குடியிருந்த வீட்ட இடிச்சு அபார்ட்மெண்ட் கட்டறோம்னுட்டாங்க. 'சாலிகிராமம் பக்கம் ஒரு வீடு பாருடா'ன்னான். நானே கூட்டிட்டுப் போனேன், எனக்குத் தெரிஞ்ச இடம். ரிட்டையர் ஆன வாத்தியார், அவரு சம்சாரம், ஒரு பையன். தங்கமான மனுஷங்க. காபி குடுத்தாங்க. வாத்தியார் எல்லா வீட்டுக்காரரும் கேக்கற மாதிரி சாதாரணமாத்தான் கேட்டாரு, 'சொந்த ஊரு எதுங்க?' நெய்னா சொன்னான், 'இந்த ஊர்தாங்க. ராயப்பேட்டை.'

உள் ரூம்லேர்ந்து அந்தப் பையன் ஓடி வந்தான். 'அப்பா, அதே குரல்ப்பா! அந்தக் கம்பளிக் கெழவன்!' அவன் சந்தோஷத்துலதான் சொன்னான் தம்பி. பெரிய நடிகரப் பாத்த மாதிரி. 'சார், இன்னொரு தரம் சொல்லுங்க சார், ஒரே ஒரு தரம்'னு போனத் தூக்கிப் பிடிச்சான். நெய்னா என்னைப் பாத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சொல்லு பாய், புள்ள ஆசையாக் கேக்குது'ன்னேன். அவன் சொன்னான். 'இந்த ஊர்தான் தம்பி.' எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதான் எனக்கு இப்ப நெனச்சாலும் உடம்பு கூசுது. நான் எதுக்குச் சிரிச்சேன்?

வாத்தியார் உள்ள போயிட்டு வந்தாரு. 'ஆதார் கார்டு, பழைய வீட்டு ஒப்பந்தம் எல்லாம் ஒரு காப்பி குடுங்க, பாத்துச் சொல்றேன்'னாரு. மறுநாள் எனக்கு போன். 'சொந்தக்காரங்க கேக்கறாங்க சம்பந்தம், தப்பா நெனச்சுக்காதீங்க.' அதுக்கப்புறம் மூணு வீடு பாத்தோம். மூணுலயும் அந்த வசனம் எங்களுக்கு முன்னாடி போய் ஒக்காந்திருந்துச்சு.

மூணாவது வீட்டுலேர்ந்து எறங்கி வர்றப்ப மாடிப்படியில நின்னுட்டான். ரெயிலிங்கப் பிடிச்சுக்கிட்டு. 'சம்பந்தம், ஒண்ணு கேக்கறேன். அசல்ல என்னடா இருக்கு? ஹிந்தில அந்த மேஜரு என்ன சொல்லிக் கூப்பிடறான்?'

அவனுக்கு ஹிந்தி தெரியாது தம்பி. உருதும் தெரியாது. பாய்ன்னா உருது தெரியும்னு நம்மள்ல பாதிப் பேரு நெனச்சுக்கிட்டிருக்கோம், நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். அவங்க வீட்ல எத்தனையோ தலைமுறையாத் தமிழ்தான். ஹிந்தி தெரிஞ்சவன் நான். தார் டின்காரர் மகன்.

'அசல்லயே அப்படித்தான்டா இருக்கு'ன்னேன். கண்ண நேரா பாத்துச் சொன்னேன். ஒரே டேக்.

'அப்படியா'ன்னான். 'அப்ப சரி. எழுதுனவன் யாரோ, அவன் பாவம் அவனோட'ன்னுட்டு எறங்கினான்.

உங்ககிட்ட சொல்றேன், கேளுங்க. அசல்ல அப்படி இல்ல. அசல்ல, 'பாபா, கர் கஹா ஹை பாபா?' வீடு எங்கன்னு கேக்கறான், அவ்வளவுதான். பாபான்னா அந்தப் பக்கம் வயசானவங்க யாரா இருந்தாலும் கூப்பிடறது. அந்தக் கெழவரு யாரு, என்ன மதம், எதுவுமே ஹிந்தில கிடையாது. பேரு கூடக் கிடையாது. அத நான்தான் குடுத்தேன். எழுதறப்ப கை நிக்கவே இல்ல தம்பி. கம்பளி, தாடி, குண்டு. பேனா தானா எழுதுச்சு, பாய்னு. உதடும் பொருந்துச்சு. ப இருக்குல்ல? நான் உதட்டுக்காகத்தான் எழுதுனேன்னு எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கிட்டேன்.

நெய்னா ஊர விட்டே போயிட்டான். அவன் சம்சாரத்துக்கு அதிராம்பட்டினம், அங்க மாமனார் வீடு ஒண்ணு பூட்டிக் கெடந்துச்சு. டப்பிங் தியேட்டர்ல எல்லாரும், 'பாய் சொந்த ஊருக்கே போயிட்டாராமே'ன்னாங்க. அவன் சொந்த ஊரு ராயப்பேட்டைய்யான்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னேனா? சொல்லல.

அவனுக்கு ஒரே பொண்ணு, ஜுனைதா. ஸ்கூல்ல டீச்சரு, ஹிந்தி படிச்ச பொண்ணு. போன மாசம் எனக்கு வாட்ஸப்ல ஒரு செய்தி. 'மாமா, அந்தப் படத்த ஹிந்தில பாத்தேன். பாபான்னுதான் சொல்றாங்க. வாப்பாகிட்ட நீங்க வேற மாதிரி சொன்னீங்களாமே?' படிச்சுட்டேன். படிச்சதுக்கு அடையாளமா நீல டிக் விழுந்துருச்சு. பதில் போடல. மூணு வாரம் போடல. தினமும் அதத் தொறந்து பாப்பேன், மூடி வைப்பேன். சாப்பாடு எறங்கல.

அப்பத்தான் ரெண்டாம் பாகம் எழுதற வேலை வந்துச்சு. ஆமா தம்பி, ரெண்டாம் பாகம் வருது, யார்கிட்டயும் சொல்லாதீங்க. கெழவனுக்கு ஒரு அண்ணன் இருக்கானாம். அதே நடிகர். அதே குரல்தான் வேணும்னு கம்பெனியில ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. தீனதயாளன், 'உங்க சிநேகிதர்தானே, நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க'ன்னாரு. நான் மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். அதுல சந்தேகமே வேணாம். ரெண்டாம் பாகத்து வசனப் பேப்பரும் பையில வச்சுக்கிட்டேன். எப்படியும் போறோம், ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுரும்னு. இந்தா, இந்தப் பைதான்.

இன்னைக்குக் காலையில போய் எறங்குனேன். பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டான் தம்பி, ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியில. 'டேய் சம்பந்தம், என்னடா இப்படி எளைச்சுட்டே'ன்னு கட்டிப் பிடிச்சான். எனக்கு அழுகை வந்துருச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசிக்கிட்டே வண்டி ஓட்டுனான். பொண்ணு சொல்லலியோ, இவனுக்குத் தெரியாதோன்னு கூட நெனச்சேன். அப்படி நெனச்சதும் ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதிக்கே என்னைச் செருப்பால அடிக்கணும்.

வீட்டுக்குப் போய் ஒக்காந்ததும் ஜுனைதா போன எடுத்துட்டு வந்துச்சு. அதே துண்டு, ஹிந்தில. போட்டுக் காட்டுச்சு. 'மாமா, நீங்களே சொல்லுங்க. பாபான்னா என்ன அர்த்தம்?' நெய்னாவோட சம்சாரம் சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாங்க. எல்லாரும் என்னையே பாக்கறாங்க.

'பெரியவரேன்னு அர்த்தம்மா'ன்னேன். 'அப்பா, பெரியப்பா, அப்படின்னும் வச்சுக்கலாம். பாய்னு அதுல இல்ல. நான்தான் எழுதுனேன். உங்க வாப்பாகிட்ட பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க.' சொல்லிட்டேன் தம்பி. அதோட நிறுத்தியிருக்கலாம். பழக்கம் விடல பாருங்க. 'உதடு ஒட்டணும்ல, அதான்'னு ஒரு வார்த்தை சேத்துட்டேன்.

நெய்னா தலைய ஆட்டுனான். பொண்ணு கையிலேர்ந்து போன வாங்கினான். சத்தத்தச் சுத்தமாக் கொறச்சான். மடியில நிக்க வச்சு, அந்த எடத்துக்குக் கொண்டு போனான். மேஜரு வாயத் திறக்கறாரு. நெய்னா குனிஞ்சு அந்த உதட்டப் பாத்துக்கிட்டே பேசுனான்.

'பெரியப்பா, ஊர் எது பெரியப்பா?'

என்னத்தச் சொல்ல? ஆணி அடிச்ச மாதிரி ஒக்காந்துச்சு. பெ-ல ஒரு தரம் ஒட்டுது, ப்பா-ல ஒரு தரம் ஒட்டுது. பாபாவுல ரெண்டு தரம், பெரியப்பாவுல ரெண்டு தரம். நான் எழுதுன பாய்ல ஒரு தரம்தான் ஒட்டுது, இன்னொரு தரம் காத்துல நிக்குது. முப்பத்தோரு வருஷமா உதட்ட எண்ணுறவன் நான், எனக்கு இது தெரியலியே. அவன் பேசுறப்ப அந்த மேஜரு மூஞ்சியே மாறிப் போச்சு தம்பி. அதே சிரிப்புதான். ஆனா சொந்தக்காரப் பையன் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு.

எனக்குத் தலை நிமிரல. தரையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அப்பவே பூமி பொளந்து உள்ள போயிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

கடைசில நெய்னாதான் சிரிச்சான். 'தொழில் தெரியாத பயலோட இத்தன வருஷம் குப்ப கொட்டியிருக்கேனே'ன்னான். என் முதுகுல ஒண்ணு வச்சான். 'சரி விடுடா. தப்புன்னு உன் வாயால சொல்லிட்டேல்ல, அது போதும். எழுந்து கை கழுவு, மீன் கொழம்பு ஆறுது.' அவன் மன்னிச்சுட்டான் தம்பி. மனசார மன்னிச்சுட்டான். நான் பாத்தேன், அவன் கண்ணுல ஒரு கசப்பும் இல்ல. ஜுனைதாவே எனக்குத் தட்டு வச்சுச்சு. வஞ்சிர மீன். எனக்கு ரெண்டு துண்டு கூட வச்சான் அவன். பழைய கதையெல்லாம் பேசுனோம். 'எத்தன மணிக்குடா சாகணும்'னு அவனே சொல்லிச் சிரிச்சான்.

எனக்கு மனசு லேசாயிருச்சு. மூணு வாரமா எறங்காத சோறு எறங்குது. அந்தச் சந்தோஷத்துலதான் தம்பி, வேற ஒண்ணும் இல்ல, இடது கையால பைய இழுத்துப் பேப்பர எடுத்தேன்.

'பாய், ரெண்டாம் பாகம். உன் குரல் இல்லாம நடக்காதுன்னு எல்லாரும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. இந்தத் தடவ நான் ஒரு எழுத்து சேக்கல, பாத்துக்க. நம்ம தமிழ்ல அந்தத் துண்டு ஓடுன ஓட்டத்தப் பாத்துட்டு, பம்பாய்க்காரங்களே எழுதிட்டாங்க. மேஜரு, நம்ம பாய் மாதிரி, மியான்னு கூப்பிட்டு, தாடியப் பிடிச்சு, ஊர் எதுன்னு கேக்கறாரு. தமிழ்லேர்ந்து எடுத்த ஐடியான்னு போன்ல என்னைப் பாராட்டுனாங்கடா. சத்தியமாச் சொல்றேன், இப்ப அசல்லயே அப்படித்தான் இருக்கு.'

அவன் கையில சோறு பெசஞ்சபடி இருந்துச்சு. பேப்பரப் பாக்கல. என்னையப் பாத்தான். 'அசல்லயேவா?'ன்னான். 'ஆமாடா, அம்மா சத்தியம்'னேன். நான் சொன்னது நெசம் தம்பி. இதுல ஒரு பொட்டுப் பொய் கிடையாது. அது அவன் காதுல என்னவா விழுந்துச்சோ, எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் புரியல. மன்னிச்சவன்தானே? பழசத்தான் மன்னிச்சுட்டானே?

எந்திரிச்சான். தட்டுல பாதிச் சோறு அப்படியே கெடந்துச்சு. கை கழுவுனான். துண்டால வெரல் வெரலாத் தொடைச்சான். கடியாரத்தப் பாத்தான்.

'பட்டுக்கோட்டையில ரெண்டு மணி வண்டிய விட்டா அப்புறம் சாயங்காலம்தான். ஜுனைதா, சாருக்கு ஒரு ஆட்டோ சொல்லும்மா'ன்னான்.

யாரோ சார் வந்திருக்காருன்னு நெனச்சு நான் வாசல் பக்கம் திரும்பிப் பாத்தேன் தம்பி. அங்க யாரும் இல்ல.